நடக்க வைக்குமா கைபேசி விளையாட்டு?



போன பருவத்தில் மின் இயந்திர லேபில் நடந்த ஒரு சம்பவத்தோடு இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். எங்கள் மேஜையில் இருந்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு சப்ளை கொடுத்தோம். 'உம்ம்' என்று சத்தம் மட்டும் வந்தது, மோட்டார் சுற்றவில்லை. எங்களுக்கெல்லாம் பயம். லேப் அண்ணன் ஓடி வந்து சுவிட்சை அணைத்தார். கெப்பாசிட்டரைக் கழற்றிச் சோதித்துப் பார்த்தார். "கெப்பாசிட்டர் போயிடுச்சும்மா. மோட்டார் மேல தப்பே இல்ல. ஓட அதுக்குத் தெரியும், கிளம்பத்தான் தெரியாது" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் எங்க அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா டெய்லர். காலை ஒன்பது மணிக்கு மிஷினில் உட்கார்ந்தால் இரவு ஒன்பது மணி வரை எழுந்திருக்க மாட்டார். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு சர்க்கரை இருப்பது தெரிந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்து, "தினமும் அரை மணி நேரம் வேகமா நடங்க" என்றார். மாத்திரை ஒழுங்காகப் போட்டார், நடக்கத்தான் இல்லை. கேட்டால், "நாள் முழுக்க மிஷினை மிதிக்கிறேனே பாப்பா, அது கால் வேலை இல்லையா?" என்பார். டாக்டரிடமே கேட்டேன். "மிதிக்கிறது கணுக்காலுக்கு வேலை. பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த அளவுக்கு மூச்சு வாங்கணும். அதுதான் உடற்பயிற்சி" என்று விளக்கினார்.

ஓடத் தெரிந்தும் கிளம்பத் தெரியாத மோட்டார் போலத்தானே நம்மில் பலரும் இருக்கிறோம்! அப்படிப்பட்டவர்களை நம் கையில் இருக்கும் கைபேசி விளையாட்டு கிளப்பி விடுமா? கிளப்பினாலும் தொடர்ந்து ஓட வைக்குமா? இதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கைபேசி எப்படி அடி எண்ணுகிறது?

நம் கைபேசிக்குள் முடுக்கமானி என்ற சிறு சிலிக்கான் சில்லு இருக்கிறது. அதற்குள் சிலிக்கானால் ஆன மிக நுண்ணிய எடை ஒன்று, அதே சிலிக்கான் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. எடையின் பக்கவாட்டில் சீப்புப் பற்கள் மாதிரி தகடுகள் உண்டு. எதிரே அசையாத தகடுகள். கைபேசி அசைந்தால் எடை நகரும். தகடுகளுக்கு இடையே உள்ள தூரம் மாறும். தூரம் மாறினால் கெப்பாசிட்டன்ஸ் மாறும். முதல் வருடம் நாம் படித்த அதே சூத்திரம்தான் நண்பர்களே! அந்த மாற்றத்தை அளந்து, மூன்று திசைகளிலும் முடுக்கம் எவ்வளவு என்று சில்லு சொல்லிவிடும்.

நாம் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஏற்ற இறக்கம் வருகிறது. நிமிடத்துக்கு சுமார் 100 அடி என்பது மிதமான வேக நடை. அப்படியானால் வினாடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அலை வரும். அந்த வேகத்தில், போதிய உயரத்தில், சீராக வரும் அலைகளை மட்டும் மென்பொருள் எண்ணுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, நாங்கள் வைத்த நடைப் போட்டியில் ஒரே நாளில் முதலிடத்துக்கு வந்துவிட்டாள். விசாரித்தால், அக்கா குழந்தையின் தூளியில் குழந்தையோடு கைபேசியையும் போட்டு ஆட்டியிருக்கிறாள்! குழந்தை தூங்கிவிட்டது, கைபேசி நடந்துகொண்டே இருந்தது. அவளைத் திட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் நானும் தம்பியை வைத்துச் சோதித்தேன். கணக்கு ஏறத்தான் செய்தது. கருவி அசைவைத்தான் எண்ணுகிறது, நம் முயற்சியை அதற்குத் தெரியாது. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பத்தாயிரம் அடி எங்கிருந்து வந்தது?

'ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும்' என்று எல்லாரும் சொல்கிறார்கள். இது எந்த மருத்துவர் எழுதிக் கொடுத்த கணக்கு? தேடிப் பார்த்தால் ஆச்சரியம். 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. அதையடுத்து 1965-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் மாட்டும் அடிமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பெயர் 'மான்போ-கெய்'. அதாவது 'பத்தாயிரம் அடி மானி'. பெயர் கேட்க நன்றாக இருந்தது; எண்ணும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஆராய்ச்சி பிறகுதான் வந்தது. 2019-இல் அமெரிக்காவில் 16,741 வயதான பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. அவர்களின் சராசரி வயது 72. நாளைக்கு சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட சுமார் 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. அடிகள் கூடக் கூட நன்மையும் கூடியது. சுமார் 7,500 அடிக்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நம்மைப் போன்ற இளைஞர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றுமே நடக்காதவர் கொஞ்சம் நடக்கத் தொடங்குவதில்தான் பெரிய லாபம் இருக்கிறது என்பது நமக்குப் பாடம். ஆக, கிளம்புவதுதான் முக்கியம்!

ஊரையே வெளியே இழுத்த விளையாட்டு

கிளப்பி விடுவதில் இதுவரை வந்த விளையாட்டுகளில் பெயர் வாங்கியது 'போக்கிமான் கோ'. 2016 ஜூலையில் அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும், நியூசிலாந்திலும் முதலில் வெளியானது. அந்த ஆண்டு டிசம்பரில் நம் நாட்டுக்கும் வந்தது. கைபேசித் திரையில் நம் ஊர் வரைபடம் தெரியும். அதில் ஆங்காங்கே கற்பனைப் பிராணிகள் ஒளிந்திருக்கும். வீட்டில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் பிடித்துவிட முடியாது. எழுந்து போகத்தான் வேண்டும். கையில் முட்டைகள் கிடைக்கும். அவை பொரிய 2, 5, 10 கிலோமீட்டர் என்று நடக்க வேண்டும். கோழி முட்டைக்கு 21 நாள் அடைகாப்பது மாதிரி இதற்குக் கால் நடை!

தொடக்கத்தில் இங்கே தூளி வேலை செல்லவில்லை. ஏனென்றால் இந்த விளையாட்டு முதலில் தூரத்தை ஜி.பி.எஸ். மூலம் அளந்தது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னலை வாங்கி, அவை வந்து சேர்ந்த நேரத்தைக் கொண்டு கைபேசி தன் இடத்தைக் கணக்கிடும். பைக்கில் போனாலும் பயனில்லை. வேகம் கூடினால் அந்தத் தூரம் முட்டைக் கணக்கில் சேராது.

இதற்கு முன்பே, 2012-இல், 'ஜாம்பீஸ், ரன்!' என்று ஒன்று வந்தது. நவோமி ஆல்டர்மன் என்ற ஆங்கில நாவலாசிரியை அதை உருவாக்கியவர்களில் ஒருவர். அதில் திரையைப் பார்க்கவே வேண்டாம். காதில் ஒரு தொடர்கதை ஓடும். நாம்தான் அதில் ஓட்டக்காரர். பின்னால் பிணப் பேய்கள் துரத்தும் சத்தம் கேட்டால் வேகத்தைக் கூட்ட வேண்டும். பாட்டி சொன்ன பேய்க்கதையைக் கேட்டு இருட்டில் ஓடினோமே, அதே தத்துவம்தான்!

இந்த விளையாட்டுகள் உண்மையிலேயே நடக்க வைத்தனவா? வைத்தன. மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்களும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, கையில் அடிமானிப் பட்டை அணிந்தவர்களின் கணக்கைப் பார்த்தார்கள். போக்கிமான் கோவில் மிகவும் ஆர்வமாக இருந்தவர்கள், 30 நாள் கணக்கில், நாளொன்றுக்குச் சராசரியாக 1,473 அடி கூடுதலாக நடந்தார்கள். அதாவது முன்பு நடந்ததைவிட 25 சதவீதத்துக்கும் மேல்.

ஆறாவது வாரத்தில் நடந்தது

இப்போது நாணயத்தின் மறுபக்கம். 2016 டிசம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. அமெரிக்காவில் 18 முதல் 35 வயது வரை உள்ள 1,182 பேரின் கைபேசி அடிக்கணக்கை வாங்கினார்கள். அவர்களில் 560 பேர் இந்த விளையாட்டை ஆடியவர்கள். முதல் வாரத்தில் அவர்களுக்கு நாளொன்றுக்கு 955 அடி கூடியது. சுமார் பத்து நிமிட நடை. அடுத்தடுத்த வாரங்களில் அது குறைந்துகொண்டே வந்தது. ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டார்கள்!

இதைப் படித்தபோது எனக்கு அப்படியே எங்க வீடு தெரிந்தது. நானும் அப்பாவின் கைபேசியில் ஒரு நடை விளையாட்டை ஏற்றிக் கொடுத்திருந்தேன். நடந்தால் திரையில் செடி வளரும். முதல் பத்து நாள் அப்பா குழந்தை மாதிரி ஆகிவிட்டார். "பாப்பா, பூ விட்டுடுச்சு பாரு" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். மூன்றாவது வாரம், "எல்லாச் செடியும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார். நாலாவது வாரம் அந்த விளையாட்டைத் திறக்கவே இல்லை. தையல் கூலிக் கணக்கு போட மட்டும் கைபேசி வெளியே வந்தது.

ஏன் இப்படி ஆகிறது?

எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் 1971-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு விடை சொல்கிறது. கல்லூரி மாணவர்களிடம் கட்டைப் புதிர்களைக் கொடுத்தார். அதுவே ஆசையைத் தூண்டும் புதிர்தான். ஒரு குழுவுக்கு மட்டும் நடுவில் ஒரு நாள், புதிரை விடுவித்தால் காசு என்றார். அடுத்த முறை காசை நிறுத்திவிட்டார். பிறகு இடைவேளையில் மாணவர்களைத் தனியே விட்டு, யார் சும்மாவாவது புதிரைத் தொடுகிறார்கள் என்று கவனித்தார். காசு வாங்கிய குழுவுக்கு ஆசை குறைந்திருந்தது. விளையாட்டாகச் செய்தது கூலி வேலையாகிவிட்டது. கூலி நின்றதும் வேலையும் நின்றது.

விளையாட்டில் வரும் புள்ளியும் பரிசும் ஒரு கூலிதான். அது பழகிப் போனால் சலித்துவிடும். பிறகு டெசியும் ரிச்சர்ட் ரயன் என்பவரும் சேர்ந்து வளர்த்த கொள்கை, மனிதனைத் தொடர்ந்து செயல்பட வைப்பவை மூன்று என்கிறது. ஒன்று, இது நானே விரும்பிச் செய்வது என்ற எண்ணம். இரண்டு, என்னால் முடிகிறது என்ற தெம்பு. மூன்று, என்னோடு ஆள் இருக்கிறார்கள் என்ற உறவு. நான் அப்பாவுக்குக் கொடுத்த விளையாட்டில் இரண்டாவது இருந்தது. முதலாவது அரைகுறை, ஏனென்றால் ஆசைப்பட்டு ஏற்றியது நான். மூன்றாவது கொஞ்சமும் இல்லை. சாயங்காலம் அவர் தனியாகத்தான் நடந்தார்.

குடும்பமே ஒரு டீம்

அந்த மூன்றாவதைக் கையில் எடுத்த ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. அமெரிக்காவில் 94 குடும்பங்களைச் சேர்ந்த 200 பெரியவர்கள் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு வெறும் அடிமானியும் இலக்கும். மற்றவர்களுக்கு அதோடு ஒரு விளையாட்டு. வாரத் தொடக்கத்திலேயே குடும்பத்துக்கு 70 புள்ளி கொடுத்துவிடுவார்கள். தினமும் குடும்பத்தில் ஒருவர் பெயரைக் குலுக்கி எடுப்பார்கள். முந்தின நாள் அவர் தன் இலக்கை எட்டியிருந்தால் புள்ளி நிற்கும்; இல்லையென்றால் 10 புள்ளி போய்விடும். யார் பெயர் வரும் என்று தெரியாததால் எல்லாரும் நடந்தே ஆக வேண்டும்!

12 வாரத்தில், விளையாட்டு இல்லாத குழு நாளைக்குச் சராசரியாக 636 அடி கூட்டியது. விளையாட்டுக் குழு 1,661 அடி கூட்டியது. விளையாட்டை நிறுத்திய பிறகும் 12 வாரம் கவனித்தார்கள். அப்போதும் விளையாட்டுக் குழு 1,385 அடி மேலே நின்றது, மற்றது 798. கொஞ்சம் இறங்கினாலும் தரைமட்டத்துக்கு வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் வீட்டு ஏழு பட்டன்

இதைப் படித்த அன்றே வீட்டில் ஆரம்பித்தேன். ஆளுக்கொரு கைபேசி எங்களிடம் கிடையாது. டெய்லர் வீட்டில் பட்டனுக்கு மட்டும் பஞ்சமில்லை. திங்கட்கிழமை ஒரு கண்ணாடி டம்ளரில் ஏழு சட்டை பட்டன். அப்பா, அம்மா, தம்பி, நான் என நாலு சீட்டு. இரவு சாப்பிட்டதும் ஒரு சீட்டு எடுப்போம். பெயர் வந்தவர் அன்று அரை மணி நடந்திருந்தால் பட்டன் தப்பிக்கும். இல்லையேல் ஒரு பட்டன் டப்பாவுக்குப் போகும். ஞாயிறு இரவு ஐந்து பட்டன் மிச்சமிருந்தால் கடைசித் தெரு டீக்கடையில் ஆளுக்கொரு பருப்பு வடை. அப்பாவுக்கு மட்டும் வடைக்குப் பதில் சுண்டல்.

அம்மாதான் முதலில் மறுத்தார். "வேலை இல்லாம சும்மா ரோட்டுல நடந்தா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னது நியாயம்தான். எங்கள் தெருவில் ஆண்கள் நடந்தால் அது நடை. பெண்கள் நடந்தால் "எங்கே போறே?" என்று நாலு பேர் கேட்பார்கள். 'வெளியே போ' என்று விளையாட்டு சொல்லிவிடும். வெளியே என்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. போக்கிமான் கோவிலும் இந்தக் குறை இருந்தது. அதன் முக்கிய இடங்கள், அதே நிறுவனத்தின் முந்தைய விளையாட்டில் ஆட்டக்காரர்கள் குறித்துக் கொடுத்தவை. அதனால் நகர மையங்களில் நிறைய, கிராமங்களில் அபூர்வம்.

மூன்றாம் நாளே அம்மா பெயர் வந்தது. அன்று அவர் நடக்கவில்லை. ஒரு பட்டன் போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, டம்ளரை மட்டும் எடுத்து ஆட்டிக் காட்டினார். மறுநாள் ஆறு மணிக்கே அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நாலு பேராகப் போனோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. பள்ளி மைதானத்தைச் சுற்றி ஆறு சுற்று. அந்த மைதானத்தில் நான் சாயங்காலம் நடந்தது, எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. அப்பாவை நடக்க வைக்கப் போய், எனக்கும் அம்மாவுக்கும் அந்த நேரத்துத் தெரு கிடைத்தது.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. அப்பாவின் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 9.1-இலிருந்து 7.6-க்கு வந்திருக்கிறது. மாத்திரையும் போடுகிறார், சோறும் குறைத்திருக்கிறார். எனவே எல்லாப் புகழையும் பட்டனுக்கே கொடுக்க மாட்டேன். ஆனால் தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்து எரிக்கிறது என்பது அறிவியல். பங்கு இல்லாமல் போகாது.

நமக்கு என்ன பாடம்?

18 வயதைத் தாண்டிய பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளைக்குச் சராசரி 60 நிமிடம். பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, வகுப்பில் உட்கார்ந்து, ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு கைபேசி பார்க்கும் நாம் இதில் எங்கே நிற்கிறோம்? ஆகவே சில யோசனைகள்:

1. விளையாட்டு பிடித்திருந்தால் தாராளமாக ஏற்றுங்கள். ஆனால் ஆறு வாரம்தான் அதன் ஆயுள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நடக்கும் நேரத்தையும் இடத்தையும் நிலைப்படுத்திவிடுங்கள்.

2. தனியாகத் தொடங்காதீர்கள். ரூம்மேட்டோ, பஸ் தோழியோ, ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. இலக்கு சிறியதாக இருக்கட்டும். இப்போது நடப்பதைவிட ஆயிரம் அடி கூடுதல் போதும்.

4. நடக்கும்போது கண் சாலையில் இருக்கட்டும், திரையில் அல்ல. கதை கேட்பதென்றால் ஒரு காதில் மட்டும் கேளுங்கள். வண்டி ஓட்டும்போது விளையாட்டை நினைக்கவே வேண்டாம்.

5. தூளியில் போடாதீர்கள்! ஏமாறுவது கைபேசி அல்ல, நாம்தான்.

முடிவாக, மறுபடியும் நம் மோட்டாருக்கே வருகிறேன். கெப்பாசிட்டர் ஸ்டார்ட் மோட்டாரில் ஸ்டார்ட்டிங் வைண்டிங்குக்கு வேலை கொஞ்ச நேரம்தான். முக்கால் பங்கு வேகம் வந்ததும் மையவிலக்கு சுவிட்ச் அதைக் கழற்றிவிடும். கழறாமல் ஒட்டிக்கொண்டால் அந்த வைண்டிங் சூடாகிக் கருகிவிடும். கைபேசி விளையாட்டும் அப்படித்தான். கிளப்பிவிட்டதும் விலகிக்கொள்ள வேண்டும். நடையை விட்டுவிட்டு விளையாட்டையே பிடித்துத் தொங்கினால் கண்ணும் தூக்கமும்தான் கருகும்.

"சீலிங் ஃபேனில் கெப்பாசிட்டர் கடைசி வரைக்கும் கூடவே இருக்கிறதே?" என்று நம் துறை நண்பர்கள் கேட்பீர்கள். சரிதான். அது அளவில் சிறியது, அதிர்வு இல்லாமல் ஃபேன் ஓடும் வரை சத்தமில்லாமல் துணை நிற்கும். எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்வது ஒரு கண்ணாடி டம்ளர். போன வாரம் பட்டன் போட நான் மறந்துவிட்டேன். அப்பா ஆறு மணிக்குக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன பாப்பா, கிளம்பலியா?" என்று கேட்டார்.

நண்பர்களே, நீங்களும் இன்று சாயங்காலம் உங்கள் வீட்டில் யாரையாவது அப்படிக் கேட்டுப் பாருங்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவி,
மின் மற்றும் மின்னணுவியல் பொறியியல் துறை